பேய் வாசித்த வருஷ அறிக்கை

தன் குரலைத் தானே முதல் தடவை கேட்கிற யாரும் அது தன் குரல்தான் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இப்போது சின்னப் பிள்ளைகள்கூடக் கைபேசியில் தங்கள் பேச்சைப் பதிந்து கேட்டுச் சிரிக்கின்றன. என் காலத்தில் குரல் வாயை விட்டுப் போனால் போனதுதான், திரும்பி வராது. திரும்பி வந்தால் அதற்குப் பெயர் வேறு. என் குரலை நான் முதன்முதலில் கேட்டபோது கையில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கேட்டு முடித்தபோது தட்டும் கையில் இல்லை, நான் நின்றுகொண்டும் இல்லை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. தங்கவயலில் அஞ்சாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் சுரங்கத்துத் தூசி அப்பாவின் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. வேலை போயிற்று, குவார்ட்டர்ஸ் போயிற்று. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் மாமா வீட்டுக்குப் பின்னால் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தோம். (ரயில் போனால் பாத்திரமெல்லாம் கடகடவென்று பேசும். எங்கள் வீட்டில் அதிகம் பேசியவை அவைதான்.) அப்பா இருமுவார், அம்மா ஊதுபத்தி உருட்டுவாள். நான் கொஞ்சம் வளர்ந்ததும் சிக்பேட்டையில் ஒரு கிராமபோன் கடையில் இசைத்தட்டு துடைக்கிற வேலைக்குப் போனேன். அப்பாவுக்கு மருந்து வந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

கூச்சம் என்றால் கொஞ்சநஞ்சக் கூச்சம் இல்லை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் வாய் திறந்து டிக்கெட் கேட்க வேண்டுமே என்று கடைக்கு நடந்தே போவேன். யார் எது கேட்டாலும் தலையை ஆட்டுவேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். பக்கத்துப் பட்டுக்கடைக்காரர்கள் எனக்கு 'மூகி' என்று பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் ஊமைப் பெண். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஊமை என்று பெயர் வாங்கிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா?

ஓர் இடத்தில் மட்டும் பேசுவேன். கடைக்கு மேலே நீளமாக ஒரு மாடி அறை இருந்தது. ஒரே ஜன்னல், அதுவும் குறுகலான ஒரு சந்துப் பக்கம் பார்த்தது. பட்டப்பகலிலும் அங்கே சாயங்காலம்தான். பழைய கிராமபோன்களின் பித்தளைக் குழல்களைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். அவற்றை வாய் என்பார்கள் கடையில். எனக்கென்னவோ அவை காதாகத்தான் தெரிந்தன. விற்காத இசைத்தட்டுகள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. நான் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து, அவற்றோடு பேசுவேன். வெயில் இறங்குகிற நேரத்தில் அடுக்குகளுக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வரும். சூடு ஆறினால் அரக்கு அப்படித்தான் சத்தம் போடும் என்று சுலைமான் பாய் சொல்வார். (கிராமபோன் ரிப்பேர் செய்கிறவர். அவரும் சாயங்காலம் ஆனால் மாடிக்கு வர மாட்டார்.)

அது அறுபதுகள் பிறந்த சமயம். எங்கள் தொழிலுக்கு அது நல்ல வருஷமா கெட்ட வருஷமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதுவரை இசைத்தட்டு என்றால் அரக்குத் தட்டுதான். கறுப்பாக, கனமாக, கை தவறினால் அப்பளமாக. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. இப்போது பிளாஸ்டிக் தட்டு வந்துவிட்டது. கீழே விழுந்தாலும் உடையாது, ஒரு பக்கம் போட்டால் சமையலே முடிந்துவிடும், பாட்டு முடியாது. இன்னொரு பக்கம் ரேடியோ. ஓட்டலில் ஒரு காபி வாங்கினால் ஊர்ப் பாட்டெல்லாம் சும்மா கேட்கலாம் என்றால் கடைக்கு யார் வருவார்கள்?

வருஷக் கடைசியில் தட்டு வார்க்கிற கம்பெனி எங்கள் வட்டாரத்து வியாபாரிகளை ஓரிடத்தில் கூட்டும். மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வருவார். ஒவ்வொரு கடைக்காரரும் எழுந்து, வருஷம் எப்படிப் போயிற்று, எது விற்றது, எது தேங்கியது என்று அறிக்கை சொல்ல வேண்டும். அந்த வருஷக் கூட்டம் எங்கள் மாடியில். பிளாஸ்டிக் தட்டின் ஏஜென்சி ஒரே ஒருவருக்குத்தான் என்றும், பழைய அரக்குத் தட்டு தேங்காமல் விற்றவருக்கே அது என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

முதலாளி துரைசாமி முதலியார் என்னைக் கூப்பிட்டார்.

"மூகி, இந்த ஏஜென்சி வந்தா உனக்கு வேலை இருக்குது. வரலேன்னு வெச்சுக்கோ, நானே எதுத்தாப்புல பாத்திரக் கடையில ஈயம் பூசப் போவணும். புரியுதா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அது சரின்னு ஆட்டினியா, பூசுங்கன்னு ஆட்டினியா?"

மாடியில் விற்காமல் கிடந்தவை ஆள் உயரத்துக்கு இருந்தன. திருப்பி அனுப்பினால் கம்பெனி வாங்கிக்கொள்ளும், அரைத்துப் பொடியாக்கி மறுபடி தட்டு வார்க்கும். ஆனால் திருப்பி அனுப்பினால் தேங்கியது தெரிந்துவிடுமே. ஆகவே முதலாளி மாடியின் குறுக்கே கூரையிலிருந்து ஒரு சிவப்புத் திரையைத் தொங்கவிட்டார். எல்லாவற்றையும் திரைக்குப் பின்னால் அடுக்குவது என் வேலை. திரைக்கு முன்னால் நாற்காலிகள்.

முதலாளிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கடையில் கத்தினால் அவென்யூ ரோடு வரைக்கும் கேட்கிற குரல், அதிகாரி முன்னால் நின்றால் ஒட்டிக்கொள்ளும். பொய் சொன்னாலோ வேர்த்துச் சட்டையும் நனைந்துவிடும். அதற்கு சுலைமான் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டோன்மென்ட் டாக்டர் ஒருவரின் டேப் ரெக்கார்டர் அப்போது ரிப்பேருக்கு வந்திருந்தது. இரண்டு சக்கரம் வைத்த பெரிய பெட்டி. "இன்னிக்கு இதுக்கு முன்னால பேசுங்க முதலாளி, அப்படியே புடிச்சு வெச்சுக்கும். நாளைக்கு நீங்க கால் மேல கால் போட்டு உக்காருங்க, மிஷின் பேசும்" என்றார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்று பாய் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "மேல டாக்டர் மிஷின் கீது பேட்டி, தொடாதே." (பேட்டி என்றால் அவர் பாஷையில் மகளே.)

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் முதலாளி மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அறிக்கையைப் படித்து முடித்தார். கீழே போன் அடித்தது என்று இறங்கினார். கிராக்கி வந்தது என்று சுலைமான் பாயும் இறங்கினார். மிஷினை மற்றவர் நிறுத்தியிருப்பார் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். நான் துடைப்பத்தோடும் மடியில் வறுத்த கடலைக்காயோடும் மாடிக்கு ஏறினேன். பசவனகுடிக் கடலைக்காய்த் திருவிழா முடிந்த வாரம் அது.

மிஷினின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. கிராமபோன் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரே ஒரு சாஸ்திரம்தான் தெரியும். சுற்றுகிற சாமான் பாட வேண்டும். பாடாமல் சுற்றினால் ரிப்பேர். ரிப்பேருக்குத்தானே வந்திருக்கிறது, பாவம், சுற்றட்டும் என்று விட்டுவிட்டேன். பேசுகிறதைக் கேட்பதற்கென்றே ஒரு மிஷின் சுற்றும் என்று எந்த மகராசிக்குத் தெரியும்? நான் பெருக்கினேன், கடலை தின்றேன், தட்டுகளை அடுக்கிக்கொண்டே வழக்கம்போலப் பேசினேன்.

வெயில் இறங்குவதற்குள் சுலைமான் பாய் டேப்பைப் பின்னால் சுற்றி, முதலாளிக்குப் போட்டுக் காட்டினார். முதலாளி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது என் குரலே இல்ல. எவனோ மூக்கடைச்சவன் பேசறான். நிறுத்து" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். முழுக்கக் கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

மறுநாள் மத்தியானம் தூறல். சந்தில் இருட்டிக்கொண்டு வந்தது. ஏழெட்டு ஊர் வியாபாரிகள் ஈரக் குடையோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடலைக்காய்ப் பொட்டலம் கொடுக்கப்பட்டது. ஆனேக்கல் ரெட்டியார் முதல் வரிசை. அவர் வாயில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகும். நடுவில் மதராஸ் அதிகாரி, ஒல்லியாக, சுத்தமாக. நான் காபித் தட்டோடு திரையின் ஓரத்தில் ஒண்டி நின்றேன்.

சுலைமான் பாய் விசையைத் திருப்பினார். முதலாளியின் குரல் வந்தது. சகலமும் விற்றுத் தீர்ந்தது, ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள், மாடியில் ஒரு பழைய தட்டுகூட இல்லை, நல்ல வருஷம், வணக்கம். அதிகாரி தலையசைத்தார். முதலாளி முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் தாழ்ந்தது. பல்ப் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, அப்படியே நின்றது. மிஷினின் சக்கரங்களும் மெதுவாயின. அதிலிருந்து தரையில் எதையோ இழுக்கிற சத்தம் வந்தது. சர்... சர்... பிறகு நிசப்தம். பிறகு எதையோ கடிக்கிற சத்தம். நறுக். நறுக்.

ரெட்டியார் வாயில் போடப்போன கடலையைப் பொட்டலத்துக்குள்ளேயே திருப்பிப் போட்டார்.

அப்புறம் அந்தக் குரல். கனமாக, இழுத்து இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து பெண் ஒருத்தி மெல்லப் பேசுவதுபோல.

"சங்கராந்திக்கு வந்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க. எள்ளு வெல்லம் தின்னுட்டு ஜனம் வீட்டுக்குப் போயிடுச்சு... உங்கள யாரும் எடுக்கல."

நறுக்.

"கரகத் திருவிழாவுக்கு வந்தவங்களா நீங்க? ஊரே தெருவுல இருந்துச்சு, கடைக்குள்ள ஒருத்தரும் கால் வெக்கல... கணேசனுக்கு வந்தவங்கள பந்தல்காரங்க வாடகைக்கு எடுத்தாங்க, தேஞ்சுபோய் வந்தீங்க... தீபாவளிக்கு வந்தவங்களே, இன்னா பண்றது, எல்லாரும் ரேடியோ வாங்கிட்டாங்க கண்ணு... அழாதீங்க. அரைக்கறப்போ வலிக்காது. பொடியாகி, வேற பாட்டா வந்து பொறப்பீங்க."

சுலைமான் பாய் மிஷினுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். விசையை நோக்கிக் கையை நீட்டினார். பிறகு நீட்டிய கையைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். உதடு மட்டும் ஏதோ ஓதியது.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? சொல்லெல்லாம் என்னுடையவை, குரல் என்னுடையது இல்லை. நேற்று நான் தனியாகச் சொன்னதை யாரோ ஒருத்தி பின்னால் நின்று ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். கேட்டதை இன்று சபையில் ஒப்பிக்கிறாள். யார் அவள்? எனக்கு ஒரே ஒருத்தியைத்தான் நினைக்கத் தோன்றியது.

மைசூர்ப் பக்கத்துப் பாட்டுக்கார அம்மாள் ஒருவர் அந்த வருஷம் மழைக்காலத்தில் தவறிப்போயிருந்தார். அவருடைய கடைசித் தட்டு வந்த வாரமே சாவுச் செய்தியும் வந்தது. செத்தவர் பாட்டை வீட்டில் வைத்தால் ஆகாது என்று பேட்டையில் யாரோ கிளப்பிவிட, ஒன்றுகூட விற்கவில்லை. அந்த அம்மாள் ஒரு முறை கடைக்கு வந்திருக்கிறார். எல்லோரும் என்னை மூகி என்றபோது என் முகவாயைத் தொட்டு, "ஊமையெல்லாம் இல்ல, பொண்ணு கேட்டுக்கினு இருக்குது" என்றார். கூட்டத்திலிருந்த வியாபாரிகளுக்கும் அவர் நினைவுதான் போலும். "சத்தோதவள் குரலுதான்" என்று பின்வரிசையில் யாரோ முனகினார். செத்தவள் என்று அர்த்தம்.

குரல் நிற்கவில்லை. "முதலாளி நல்லவருதான். பொய் சொன்னா வேர்த்துக் கொட்டும், பாவம்."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். சட்டை நனைந்திருந்தது.

"உங்கள எல்லாம் இந்தச் செவப்புத் திரைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுட்டு, அத்தினியும் வித்துப்போச்சுன்னு சொல்லப்போறாராம். நீங்க சத்தம் போடாம இருக்கணும், தெரியுதா?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். திரை நடுங்கியது. (நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?)

ஆனேக்கல் ரெட்டியார் எழுந்தார். அதிகாரியைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்துக் கும்பிட்டார். "தாயி, நம்ம மனேலயும் கீது. பரண் மேல, மாட்டுத் தீவனத்துக்கு அடியில. நானே சொல்லிடறேன், நீ வந்து சொல்ல வேணாம்மா." அவர் உட்காருவதற்குள் தும்கூர்க்காரர் எழுந்தார். தன் மாமியார் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்றார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால், குளியலறை மேல், கோயில் தர்மகர்த்தா வீட்டில். அதிகாரி ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவே இல்லை.

அப்போதுதான் என் கால் மடங்கியது. காபித் தட்டு போயிற்று. நான் பிடித்த பிடியில் திரை கழியோடு கிழிந்து வந்தது. பின்னால் நான் அடுக்கிய சுவர் மொத்தமும், சங்கராந்தி முதல் தீபாவளி வரை, சடசடவென்று என்னைச் சுற்றிச் சரிந்தது. சத்தம் அடங்கியபோது அரக்குத் தூள் நடுவில் சிவப்புத் திரை ஒன்று மெல்ல எழுந்து நின்றது. உள்ளே நான்.

மாடிப்படி குறுகலானது. அதில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் இறங்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அதிகாரி மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. (தைரியம் இல்லையாம், முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். பின்னால் அவரே சொன்னார்.)

பேய் நான்தான் என்று நினைக்கிறார்களே, வேலை போய்விடுமே, அப்பாவின் மருந்து போய்விடுமே என்ற பயத்தில் அந்தக் கடையில் சேர்ந்த நாளாக நான் சொல்லாததைச் சொன்னேன்.

"நான் இல்லீங்க."

அதிகாரி மிஷினைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"நான் இல்லீங்க ஐயா."

"முதலியார்" என்றார் அவர், "அறிக்கையோட ரெண்டாம் பாகத்தைப் படிச்சது இந்தப் பொண்ணுதான்."

முதலாளி வந்து திரையை என் தலையிலிருந்து விலக்கினார். "அடிப் பாவி. உனக்குப் பேச்சு வருமா?"

படியில் பாதி இறங்கியிருந்தவர்கள் ஒவ்வொரு தலையாக மேலே எட்டிப் பார்த்தார்கள். ரெட்டியார் ஒருவர் விடாமல் எல்லோரையும் திட்டினார். யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அது பரவி, முதலாளி வரை வந்துவிட்டது. நான் மட்டும் முழங்கை ரத்தத்தைத் தாவணியில் துடைத்துக்கொண்டு நின்றேன். மிஷினை நிறுத்த யாருக்கும் ஞாபகம் இல்லை. அது பாட்டுக்கு இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்க மட்டும் கடைசியா இருங்க. உங்கள அடியில வெக்க மனசு வரல..."

இது நான்தான் என்று இப்போது எனக்கே தெரிந்தது. வெட்கத்தில் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. அடுத்து என்ன வரும் என்பதும் நினைவுக்கு வந்தது. முந்தின நாள் வேலை முடித்து வெளியே வரும்போது மிஷினுக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தேன்.

"நீ இன்னாத்துக்கு சும்மா சுத்திக்கினு இருக்கற? நீயும் என்னாட்டம் ஊமையா?"

"ம்."

சிரிப்பு நின்றுபோயிற்று. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வாய் மூடியிருந்தது. டேப்பில் வந்த அந்த 'ம்' இழுபடவில்லை, கனக்கவும் இல்லை. மிஷின் மெதுவாகச் சுற்றும்போதும் அது மட்டும் சுத்தமாக, பாட்டு எடுக்கும் முன் சுருதி சேர்க்கிறவர்கள் போடுவார்களே, அப்படி இருந்தது. அதன் பிறகு என் காலடி படியிறங்குகிற சத்தம். பிறகு டேப் முடிந்து, அதன் வால் தப் தப்பென்று அடித்துக்கொண்டது. யாரும் எழுந்து போய் நிறுத்தவில்லை. கரண்ட் தானாகப் போய்த்தான் அது நின்றது.

ஏஜென்சி எங்களுக்கே வந்தது. அத்தனை பேரும் பொய் சொன்ன கூட்டத்தில் கூட்டம் நடத்த இடம் கொடுத்து வாடகையும் கேட்காதவர் முதலாளி ஒருவர்தான் என்று அதிகாரி காரணம் சொன்னாராம். உடைந்த தட்டுகளைச் சாக்கில் கட்டி, அரக்கு விலைக்கு எடை போட்டு எடுத்துக்கொண்டார்கள். சரிந்ததில் முழுசாகத் தப்பியவை அந்தப் பாட்டுக்கார அம்மாளின் தட்டுகள் மட்டும். கடைசியில் மேலாக வைத்திருந்தேன் இல்லையா, அதனால்தான் என்றார் முதலாளி. மேலே இருந்தால் உயரத்திலிருந்தல்லவா விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அந்த 'ம்' பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். முதலாளிக்கு அது நான் போட்டதுதான். சுலைமான் பாய்க்கு அது மோட்டார் சத்தம். முன்பே பதிந்த ஏதோ அடியில் மிச்சமிருந்திருக்கும் என்றும் ஒரு யோசனை வந்தது. மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாய் டாக்டரைக் கேட்டார். டேப் புதுசு, அதில் நாங்கள் ஒன்றுமே பிடித்ததில்லை என்றாராம் டாக்டர். பாய் அதற்குப் பிறகு மத்தியானத்திலும் மாடிக்கு வரவில்லை.

கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் முதலாளியே இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். அவர் அதை என் மாமியாரிடம் சொன்னார், மாமியார் தொம்மலூர் முழுக்கச் சொன்னார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு கேள்வி கேட்டு, பதில் வராமல் ஒரு நொடி போனால், மகன், மருமகள், பேத்திகள் எல்லோரும் சேர்ந்து "ம்" என்பார்கள். வந்த விருந்தாளிகள் முழிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தனியாக இருக்கும்போது இப்போதும் நான் பேசுவேன். பாத்திரத்தோடு, துளசியோடு, ஃப்ரிட்ஜோடு. பழக்கம் விடாது. "நீ தண்ணி குடிச்சாச்சு", "உனக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல" என்று நானே சொல்லி நானே முடித்துவிடுவேன்.

கேள்வி மட்டும் கேட்பதில்லை.